எட்டு கிலோமீட்டர்

செப்டம்பர் 22, திங்கள்

காரின் முன்சக்கர பிரேக் பேட்களில் மிச்சம் இருப்பது மூன்று மில்லிமீட்டர். ஆதாரம்: கார் கம்பெனி சர்வீஸ் சென்டரின் ஆலோசகர் நிவேதன். இன்று காலை 11.20க்குச் சக்கரத்தைக் கழற்றி அளந்து சொன்னார். அளவை நானும் பார்த்தேன். புதிய பேட் பத்து மில்லிமீட்டர் இருக்குமாம்.

"தினமும் மலைக்குப் போற வண்டியா சார்?"

"வீட்டுக்காரம்மா போறாங்க. ஏற்காட்டுல பேங்க் மேனேஜர்."

"அப்ப லேட் பண்ணாதீங்க. ஆனா ஆயுத பூஜை, தீபாவளின்னு வரிசையா வருது. எங்ககிட்ட இடம் அக்டோபர் பதினேழுதான்."

அதுவரை வங்கி வேலை நாட்கள் பதினேழு. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஏறவும் இறங்கவும் சேர்த்து 680 வளைவுகள். நிவேதனிடம் இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

பூங்கோதையிடம் நானே பேட் மாற்றப்போவதாகச் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"நீங்களா? வீட்டுல பல்பு மாத்தறதுக்கே நான் ஆளு கூப்பிடுவேன்."

"அப்ப எனக்கு நேரம் இல்ல."

"இப்ப இருக்கு" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. ஜூனில் ஓய்வு பெற்றேன். முப்பத்தொரு ஆண்டு நிருபர் வேலை. அவளுக்கு இன்னும் மூன்றரை ஆண்டு சர்வீஸ் இருக்கிறது.

செப்டம்பர் 24, புதன்

வாரண்டிக் கையேடு, 114 பக்கம். முழுவதும் படித்தேன். பிரேக் பேட் தேய்மானப் பொருள். அதற்கு வாரண்டி இல்லை. அதை வெளியில் மாற்றினால் வாரண்டி போகும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. தவறாகப் பொருத்தியதால் ஏற்படும் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 61ஆம் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் காருக்கு வாரண்டி அடுத்த மே வரை.

ஒரே ஆதாரம் போதாது. வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பதில் வந்தது. மூன்று நிபந்தனைகள்: கம்பெனியின் அசல் பேட், அதற்கான பில், செய்த வேலைக்கான பதிவு. அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன்.

பிற்பகல் ஐந்து ரோடு பக்கம் காதர் பாய் கடைக்குப் போனேன். லாரி உதிரிபாகக் கடை. எனக்கு இருபது வருடப் பழக்கம். என்ன கருவிகள் வேண்டும் என்று கேட்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"பத்திரிகைக்காரரே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க தப்பா செய்தி போட்டா மறுநாள் திருத்தம் போட்டுக்கலாம். பிரேக்குல திருத்தம் கிடையாது."

"அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன் பாய்."

"வாய் மட்டும் குறையல." இருந்தாலும் இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தார். பழைய காலிபர் ஒன்றை மேசைமேல் வைத்து, பேட்களைச் சக்கரத்தின் டிஸ்க் மேல் அழுத்திப் பிடிக்கும் பிஸ்டன் எது, அதை எப்படி மெல்ல உள்ளே தள்ள வேண்டும், எந்தப் போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று காட்டினார். நான் குறிப்பெடுத்தேன். கடைசியாகச் சொன்னது: "பேட்டோட முகத்துல கை படக் கூடாது. கிரீஸ், எண்ணெய், எதுவுமே. பட்டா தூக்கிப் போட்டுருங்க. துடைச்சாலும் போகாது, அது உறிஞ்சிக்கும்."

இந்த வரிக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

அசல் பேட்கள் வந்தன. ஒரு பெட்டியில் நான்கு. பில் கோப்பில்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

காலையில் காதர் பாய் கடைக்கு. அவர் கடையில் வேலை செய்யும் ஆட்களுக்காக ஒவ்வோர் ஆண்டும் பூஜை போடுகிறார். பொரி, சுண்டல் பொட்டலத்தோடு திரும்பினேன்.

போவதற்கு முன் கருவிகளை எல்லாம் பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். ஜாக்கி, ஸ்பேனர்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் ரென்ச், சி கிளாம்ப். பேட் பெட்டியையும் திறந்து இரண்டை வெளியே எடுத்துத் தட்டில் வைத்திருந்தேன். புதுப் பொருள், பூஜையில் இருக்கட்டும் என்று.

திரும்பி வந்தபோது பூங்கோதை எல்லாவற்றையும் நல்லெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி, சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தாள். நான் வேலை பார்த்த காலத்தில் இந்த வீட்டு ஆயுத பூஜையில் என் பங்காக ஒரு பேனா இருக்கும். அதற்கும் பொட்டு வைப்பாள்.

"இந்த வருசந்தான் தட்டு நெறஞ்சிருக்கு" என்றாள்.

பதிவின் முதல் படமாகத் தட்டைப் படம் எடுத்தேன். படம் 1.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

பூஜையில் வைத்ததை இன்றுதான் எடுக்கலாம். காலை 8.10க்கு ஆரம்பித்தேன். ஓடோமீட்டர் 33,762.

முதலில் வலது சக்கரம். நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி ஏற்றி, கீழே ஸ்டாண்ட் கொடுத்தேன். சக்கரம் கழற்றினேன். காலிபரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கிக் கட்டினேன். பழைய பேட்கள் கையோடு வந்தன. மூன்று என்று நிவேதன் சொன்னது சரி. கிளாம்ப் வைத்து பிஸ்டனைக் கால் சுற்று, கால் சுற்றாக உள்ளே தள்ளினேன். தட்டில் இருந்த இரண்டு பேட்களையும் எடுத்துச் சந்தனத்தை உலர்ந்த துணியால் துடைத்துப் பொருத்தினேன். கையுறை கழற்றவில்லை. போல்ட்டை ரென்ச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன்.

பிறகு இடது சக்கரம். பெட்டியில் இருந்த மற்ற இரண்டு.

மூன்று மணி நாற்பது நிமிடம். நிவேதன் கையில் இது ஐம்பது நிமிட வேலை. மொத்தம் இருபத்திரண்டு படங்கள்; ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகியிருக்கிறது.

பூங்கோதை முழு நேரமும் போர்டிகோ படியில் உட்கார்ந்திருந்தாள். பாதியில் உள்ளே போய்ச் சாக்கை நான்காக மடித்து எடுத்து வந்து என் முட்டிக்குக் கீழே தள்ளினாள்.

"முப்பது வருசமா நீங்க வேலை பாக்கறத நான் பாத்ததே இல்ல. காலையில போவீங்க, பேப்பர்ல பேரு வரும். இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"எப்படி இருக்கு?"

"நாக்க வெளிய நீட்டிக்கிட்டு வேலை செய்யறீங்க. எழுதறப்பவும் அப்படித்தானா?"

பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்தபின் தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். 11 கி.மீ. குறை தெரியவில்லை. புதிய பேட்கள் டிஸ்க்கோடு ஒட்டிப் பழகும்வரை, முதல் 300 கி.மீ., தினமும் ஓடோமீட்டரைக் குறிக்க வேண்டும் என்பது காதர் பாய் உத்தரவு.

மாலை: 33,773.

அக்டோபர் 3, வெள்ளி

33,827. ஐம்பத்து நான்கு கி.மீ. ஏற்காடு போய்வரச் சரியான தூரம்.

"பிரேக் எப்படி?"

"நல்லாருக்கு" என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். காபி வேண்டாம் என்றாள்.

அக்டோபர் 4, சனி

33,835.

எட்டு கி.மீ. வங்கி இன்று உண்டு, போனாள், வழக்கமான நேரத்துக்கு வந்தாள். நான் எண்ணைத் தவறாகப் படித்திருக்கலாம். திங்கள் மீண்டும் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 6, திங்கள்

33,843. மறுபடியும் எட்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

33,851. ஓடோமீட்டர் கோளாறாக இருக்கலாம். மின்கருவிகளுக்கும் வாரண்டி உண்டு, கையேடு பக்கம் 58.

அக்டோபர் 8, புதன்

33,859. மின்விசிறியைத் துடைத்தேன். மின் கட்டண வரிசையில் நின்றேன். அவள் கேட்காமலே, "பிரேக் ரொம்ப நல்லாருக்குங்க" என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

33,867.

அமைச்சர்களிடமும் காவல்துறை அதிகாரிகளிடமும் கேள்வி கேட்கத் தயங்கியதில்லை. இன்று மாலை கேட்கலாம் என்று இருந்தேன். அவள் பேருந்து நிலையத்துக் கூட்டத்தைப் பற்றி எதையோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

33,875. காரைத் துடைக்கும்போது இருக்கை இடுக்கில் பேருந்துச் சீட்டு ஒன்று. கோரிமேட்டிலிருந்து ஏற்காடு. நேற்றைய தேதி.

எங்கள் அழகாபுரம் வீட்டிலிருந்து கோரிமேடு நான்கு கி.மீ. போக வர எட்டு. ஓடோமீட்டரில் கோளாறு இல்லை.

அக்டோபர் 11, சனி

இரண்டாம் சனி, அவளுக்கு விடுமுறை. காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு அடிவாரம் போனேன். நான்காவது வளைவு வரை ஏறித் திரும்பினேன். இறங்கும்போது பிரேக் மிதித்தால் வண்டி இடப்பக்கம் போகிறது. அழுத்தி மிதித்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. வலது சக்கரம் பிடிக்கவில்லை. இரண்டாவது கியரில் இறங்கி வந்தேன். பழைய பேட்களில்கூட இப்படி இல்லை.

காய்கறி வாங்க மறந்துவிட்டேன். வெறும் பையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மலைக்குப் போனீங்களா?"

"போனேன். நீ எப்பத்துலேந்து பஸ்ஸு?"

"சனிக்கிழமையிலேந்து. வெள்ளிக்கிழமை ஏறறப்ப ஒண்ணும் தெரியல. சாயங்காலம் இறங்கறப்ப பதினாலாவது வளைவுல மிதிச்சா, வண்டி தடுப்புச் சுவர்ப் பக்கம் போவுது. எப்படியோ கீழ வந்துட்டேன். மறுநாளு கோரிமேட்டுல எங்க கேஷியர் வீட்டு வாசல்ல வண்டிய விட்டுட்டு பஸ் ஏறிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நாலு மணி நேரம் அந்தச் சாக்குமேல முட்டி போட்டீங்க. எப்படிங்க சொல்றது?" பிறகு, "பஸ்ஸுல தூங்கிக்கிட்டே போலாம். மோசமில்ல" என்றாள்.

எட்டு நாள். ஒரு வளைவில் அவளுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம். இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

வண்டியை எட்டு கி.மீ. வேகத்தில் உருட்டுவதுபோல் ஓட்டிச் சர்வீஸ் சென்டரில் விட்டேன். பேட் தயாரிப்பிலேயே குறை என்பது என் புகார். எழுத்தில் கொடுத்தேன். நிவேதன் சக்கரத்தைக் கழற்றி, வலது பேட்களை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவர் முகர்ந்ததும் எனக்கு எரிச்சல் வந்தது.

"சார், இதுல எண்ணெய் இறங்கியிருக்கு. காலிபர்ல கசிவு இல்ல, நல்லா பாத்துட்டேன். வெளியிலேந்து தான் பட்டிருக்கணும்."

"நான் கையுறை போட்டிருந்தேன். இருபத்திரண்டு படம் இருக்கு."

"இருக்கட்டும் சார். ஆனா ரிப்போர்ட்டுல நான் பாத்தததான் எழுத முடியும்."

அது நான் சொல்ல வேண்டிய வாக்கியம்.

அவர் சொன்ன விளைவு: பொருத்தியவர் தவறு என்று முடிவானால், பிரேக் தொடர்பான பாகங்களுக்கு மட்டும் வாரண்டி ரத்தாகலாம். முடிவெடுப்பது தலைமை அலுவலகம். "மலைக்குப் போற வண்டிக்கு அதுதானே சார் முக்கியம்" என்றார். எனக்கும் தெரியும்.

படங்களைத் தொகுத்து மறுப்புக் கடிதத்தோடு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் கேட்டிருப்பது எல்லாப் படங்களையும்.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுப்புக் கடிதம், முதல் வரைவு. நான்கு பக்கம். நன்றாக வந்திருக்கிறது. வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம் வரை போகலாம்.

பூங்கோதை படித்தாள். "விடுங்களேன். வேற பேட்டு அவங்களே போட்டுத் தரட்டும்" என்றாள்.

"தப்பு யார் மேலன்னு தெரியணும்ல."

"தெரிஞ்சு?"

அக்டோபர் 15, புதன்

கடிதத்தோடு இணைக்கப் படங்களுக்கு வரிசை எண்ணும் விளக்கமும் எழுத உட்கார்ந்தேன். காலை பத்து மணி. 22லிருந்து பின்னோக்கி எழுதினேன். 1க்கு வரும்போது பதினொன்றே கால்.

படம் 1: பூஜைத் தட்டு. இடது ஓரத்தில் இரண்டு பேட்கள், ஒவ்வொன்றின் முகத்திலும் சந்தனப் பொட்டு. பெரிதாக்கிப் பார்த்தேன். பொட்டைச் சுற்றி விளக்கின் வெளிச்சம் தெரிகிறது, ஸ்பேனர்களில் தெரிவதுபோலவே. புதிய பேட் மினுங்காது. படம் 14இல் பெட்டியில் இருக்கும் மற்ற இரண்டும் கரும்பலகை மாதிரி மங்கலாக இருக்கின்றன.

அக்டோபர் 1 குறிப்பைத் திருப்பிப் படித்தேன். துணி யார் கையில் இருந்தது என்று நானே எழுதியிருக்கிறேன். பெட்டியைத் திறந்து தட்டில் வைத்தது யார் என்றும் எழுதியிருக்கிறேன். காதர் பாய் சொன்னதற்குக் கீழே கோடு போட்டதும் நான்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

நிவேதன் சொன்னது சரி.

நான்கு பக்கக் கடிதத்தைக் கிழித்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

புதிய கடிதம். ஐந்து வரி. "பொருத்துவதற்கு முன்பே வலது பேட்களில் எண்ணெய் பட்டிருந்ததை இப்போது உறுதி செய்துகொண்டேன். பொருளில் குறை இல்லை. தங்கள் ஆலோசகரின் ஆய்வு சரியானது. பொறுப்பு என்னுடையது. பழுது பேட்களோடு நிற்பதால் மற்ற பிரேக் பாகங்களின் வாரண்டியைத் தொடர வேண்டுகிறேன்."

யாரால் பட்டது என்று இல்லாத வாக்கியத்தை எந்தச் செய்தியிலும் நான் விட்டதில்லை. துணை ஆசிரியர்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இருபத்தொரு படங்களை இணைத்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

செப்டம்பர் 22 அன்று எனக்குக் கிடைத்த அதே தேதி. சர்வீஸ் சென்டரில் புதிய பேட்கள் பொருத்தினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நாற்பத்தெட்டு நிமிடம். நிவேதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், உங்க லெட்டர் பாத்தேன். கஸ்டமர்ல இப்படி யாரும் எழுத மாட்டாங்க."

"போல்ட்டெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"அதுல குறையே இல்ல சார். எங்க பசங்கள விட சுத்தம்."

இதையும் பதிவு செய்கிறேன். ஆதாரம்: நிவேதன், நேரில்.

மாலை பூங்கோதை கேட்டாள். "என்னதாங்க காரணம்?"

"எண்ணெய். என் கையில இருந்திருக்கு."

"கையுறை போட்டிருந்தீங்களே."

"ஒரு தடவ கழட்டினேன்."

அவள் என்னையே பார்த்தாள். மூன்று மணி நாற்பது நிமிடமும் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தவள். பிறகு சாம்பாருக்கு உப்புப் போட எழுந்து போனாள்.

அக்டோபர் 18, சனி

பேருந்தில் போனாள். தீபாவளிக்கு முந்தின சனி, மலையில் சுற்றுலாக் கூட்டம் என்று காரணம் சொன்னாள். சரியான காரணம்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் இருவரும் அடிவாரம் வரை ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்டினேன். வண்டி நேராக நிற்கிறது. பத்து முறை நிறுத்தினேன், பத்து முறையும். அவள் வலது கால் தன் பக்கத்து மிதியடியை என்னோடு சேர்ந்து அழுத்திக்கொண்டிருந்தது.

பிற்பகல் தீபாவளிக்காக விளக்கு, தட்டு எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்தாள். திடீரென்று கேட்டாள்: "அன்னிக்கு பூஜைத் தட்ட படம் எடுத்தீங்களே, அனுப்புங்க. என் தங்கச்சி கேட்டா."

"அது அழிஞ்சிருச்சு."

"நீங்க எதையும் அழிக்க மாட்டீங்களே. பழைய பேப்பர் கட்டே பரண்ல நாலு இருக்கு."

நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தொடர்ந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காதர் பாய் தொலைபேசியில்: "திருத்தம் போட்டாச்சா?" "போட்டாச்சு பாய்." "முதல் பக்கத்துலயா?" "உள் பக்கத்துல." சிரித்தார். பிறகு நேரில் போய் அவருக்கு அதிரசம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்றும் அவளுக்கு விடுப்பு. கருவிகளைத் துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து மூடினேன். பூங்கோதை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரென்ச்சை மட்டும் மறுபடி வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். அதன் பிடியில் நல்லெண்ணெய் வாசனை இன்னும் இருக்கிறது.

"அடுத்த வருசம் பூஜைக்குப் பொட்டு மட்டும் வெச்சுக்கலாங்க" என்றாள். "எண்ணெய் வேணாம்."

ரென்ச்சைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள்.

சற்றுப் பொறுத்து, "கார் சாவி எங்க?" என்றாள். "ஆணியில." எழுந்து போய் எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இன்று மாலை ஓடோமீட்டர் 33,946.

நிலுவையில் இருப்பவை இரண்டு. பிரேக் பாகங்களின் வாரண்டி தொடருமா என்பது: தலைமை அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான பதில் வெள்ளிக்கிழமை, 24ஆம் தேதி வரும் என்று நிவேதன் சொல்லியிருக்கிறார். மற்றது நாளை மாலை ஆறே முக்காலுக்கு, அவள் காரை நிறுத்தி இறங்கியதும் தெரியும்: எட்டா, ஐம்பத்து நான்கா.